வலது காதில் கூவான்

கடற்கரையில் பிறந்து கடலுக்குப் போகாத ஆம்பிளையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று, பாம்பனுக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊருக்குப் பிடிபடவே இல்லை. வேதமுத்துவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிவிட்டது. வள்ளத்தில் ஏற்றினால் பாரமாகத்தான் இருப்பான் என்று, பத்து வயதில் அவனை இராமநாதபுரத்தில் கத்தோலிக்கச் சாமியார்மார் நடத்திய விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரச் சாமியார் அவன் கையில் கிளாரினெட்டைக் கொடுத்தார். பிறகு மதுரையில் பல வருஷம் கல்யாண பேண்டு செட்டுகளில் ஊதிவிட்டு, முப்பத்தைந்து வயதில் ஊருக்கே திரும்பி வந்து கோயில் பேண்டுக்கு மாஸ்டர் ஆனான். ஊதுகிறவர்கள் பதினோரு பேர், டிரம் அடிக்கிறவர்கள் இரண்டு பேர். கல்யாணம், சாவு, திருநாள் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான்.

ஊர் அவனை மாஸ்டர் என்றது. அண்ணன் யாக்கோபு மட்டும் அப்படிச் சொல்வதில்லை. யாக்கோபு ஐந்து பேர் போகிற வள்ளத்துக்குத் தண்டல். சுக்கான் அவன் கையில், அவன் சொல்கிற பக்கம்தான் வள்ளம் போகும். தம்பி பேண்டு வாசித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால், "நாங்க காத்தப் புடிச்சுச் சோறு கொண்டாரோம். நீ காத்த ஊதிச் சத்தத்தக் கொண்டார" என்பான் சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டு சொன்னதால்தான் அது நெஞ்சில் போய்த் தைத்தது. திட்டியிருந்தால் வேதமுத்து பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பான்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில்தான் மூன்று வேளையும். மதினி யாகப்பம்மாள் குறை வைக்காமல் போடுவாள். அந்த வீட்டில் அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு தரம், வாழ்க்கையில் ஒரே ஒரு தரம், அண்ணன் தன் வாசிப்பைக் கேட்டு வாயடைத்து நிற்க வேண்டும். பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்த ஆசைதான் காரணம். வேறு கெட்ட எண்ணம் எதுவும் அவனிடம் இல்லை. இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

பறவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மேற்கொண்டு ஒன்றும் விளங்காது. கரைக்கு எதிரே, அரை மைல் தள்ளி, பவளப் பாறை சுவர்போல நீண்டு கிடக்கிறது. ஊரில் அதைப் பார் என்பார்கள். அதில் வள்ளம் நுழைய ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அதற்குப் பெயர் வாய். இரண்டு வள்ளம் சேர்ந்தாற்போல் நுழைய முடியாத அகலம். வாய்க்குக் கிழக்கே ஒட்டினாற்போல் ஒரு மணல் திட்டு. அந்தத் திட்டில் கூவான் என்று ஒரு பறவை இருந்தது. கோழியைவிடக் கொஞ்சம் பெரிது, ஈர மணலின் நிறம், பறப்பதைவிட நடப்பதில்தான் அதற்கு விருப்பம். வேறு எந்த ஊரிலும் யாரும் அதைப் பார்த்ததாகச் சொன்னதில்லை. விடிவதற்கு முன் தொடங்கி வெயில் ஏறும்வரை ஒன்று விட்டால் ஒன்று கூவும். இரண்டு குட்டைச் சத்தம், பிறகு ஒரு நீளச் சத்தம். அந்த நீளச் சத்தம் கடைசியில் உடைந்து கீழே இறங்கும்.

தை மாதப் பனிமூட்டத்தில் கரையும் தெரியாது, கோயில் கோபுரமும் தெரியாது. தெற்கே இருந்து வரும் வள்ளங்களுக்கு அந்தச் சத்தம்தான் வழி. கூவானை வலது காதில் வாங்கிக்கொண்டு வள்ளத்தை நேரே விட்டால் வாய்க்குள் நுழைந்துவிடலாம். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிற வயதிலேயே இதையும் சொல்லிக்கொடுத்தார்கள். கூவான் கூவினால் வள்ளத்தில் இருப்பவர்கள் பதில் கொடுக்க வேண்டும் என்பதும் வழக்கம். "வாரோம்" என்று தண்டல் குரல் கொடுப்பான். கரையில் பெண்கள் அதைக் கேட்ட பிறகுதான் அடுப்பை மூட்டுவார்கள். நடக்க மாட்டாமல் படுத்துக் கிடந்த சின்ன வயதில் வேதமுத்து தினமும் அதைக் கேட்டிருக்கிறான். முதலில் பறவை, பிறகு அய்யாவின் குரல்.

பறவை போய்விட்டது. முட்டையை ஊர்க்காரர்கள் எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் பவளக்கல் தோண்ட வந்தவர்கள் புதரையெல்லாம் வெட்டினார்கள். அவர்கள் விட்டுப்போன நாய்கள் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டன. மிச்சம் மீதியை உள்நாட்டிலிருந்து வந்த வலைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். சுதந்திரம் வந்த வருஷம் திட்டில் ஒரு கூவான்கூட இல்லை. பிறகு வந்த பத்து வருஷத்துப் பனியில் மூன்று வள்ளங்கள் பாரில் மோதி உடைந்தன. இப்போது பனி விழுந்தால் பாருக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். நீரோட்டம் இல்லாத நாளில் அது சரிப்படும். ஓட்டம் உள்ள நாளில் அந்தப் பாறைத் தரையில் நங்கூரம் பிடிக்காது. வள்ளம் தானாகவே பாரை நோக்கி இழுபடும்.

ஐம்பத்தேழாம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று கறிச்சோறு தின்றுவிட்டு எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது யாக்கோபு தம்பியைப் பார்த்து, "ஏலே, என்னென்னமோ வாசிக்கிறியே. அந்தக் கூவான் சத்தத்த இன்னொரு தடவ இந்தக் காதுல கேட்டுட்டாப் போதும்லே. செத்தாலும் பரவால்ல" என்றான்.

திருநாளும் அதுவுமாக என்ன பேச்சு, வாயைக் கழுவுங்கள் என்று யாகப்பம்மாள் அதட்டினாள். மகன் வியாகுலம் சிரித்தான். இருபத்திரண்டு வயது, அய்யாவின் வள்ளத்தில் முன்துடுப்பு வலிக்கிறவன். வேதமுத்து சிரிக்கவில்லை. அண்ணன் தன்னிடம் ஒன்றைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

மறுவாரமே ரயிலேறி இராமநாதபுரம் போனான். கூவான் பிடித்த வலைக்காரர்களில் உயிரோடு இருப்பது கூத்தையா ஒருவர்தான் என்று சந்தையில் சொன்னார்கள். ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய்க் கரையில் அவர் குடிசை. கண் மங்கிவிட்டது. வந்த காரியத்தைக் கேட்டதும் மனுஷர் தட்டுத் தடுமாறி எழுந்தார். பிறகு கூரையில் செருகியிருந்த துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் எலும்புக் குழல். கூவானின் கால் எலும்பு. அதை ஊதித்தான் கூவானைக் கூப்பிட்டுப் பிடித்தார்களாம்.

அவர் ஊதிக் காட்டினார். வேதமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அய்யா செத்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சத்தம் முடிந்ததும், அடுத்து அய்யாவின் குரல் வரும் என்று காது தானாகக் காத்திருந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"வலையெல்லாம் சும்மா, தம்பி," என்றார் கூத்தையா. "இத ஊதிட்டு உக்காந்திருந்தாப் போதும். நடந்து வந்து கால்மாட்டுல நிக்கும். கூப்புட்டா வந்துரும். வராம இருக்கத் தெரியாது அதுக்கு. கடைசியா நின்ன ஒத்தப் பறவையும் அப்படித்தான் வந்துச்சு. இன்னொன்னு இருக்குன்னு நம்பி வந்துச்சு."

குழலைத் தரும்படி வேதமுத்து கெஞ்சிப் பார்த்தான். அவர் தரவில்லை. இது கூவானின் குரல் இல்லை, கூவானைக் கொன்ற குரல், இதை வைத்துத் திருநாள் கொண்டாடாதே என்று சொல்லி முடிச்சைக் கட்டிவிட்டார். வேதமுத்து நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். ஆனால் திரும்பத் திரும்ப ஊதச் சொல்லிப் பத்துத் தரம் கேட்டதில் அவன் காது அதை எடுத்துக்கொண்டுவிட்டது. திரும்புகிற ரயில் பாம்பன் பாலத்தைத் தொடுவதற்குள் நோட்டில் எழுதியும் விட்டான்.

தை மாதத்தில் செபஸ்தியார் திருநாள். அன்று விடியற்காலையில் சாமியார் கோயில் வாசலில் நின்று புனித நீர் தெளித்துக் கடலை மந்திரிப்பார். அப்போது வாசிப்பதற்காக வேதமுத்து அந்தப் பாட்டைக் கட்டினான். முதல் பாதியில் டிரம் கிடையாது, ஊதுகிற வாத்தியங்கள் மட்டும். நான்கு கிளாரினெட்டும் ஒன்று விட்டால் ஒன்றாகக் கூவும், திட்டில் பறவைகள் கூவியதுபோலவே. அடியில் யூபோனியம் அலைபோலக் கிடந்து உறுமும். கார்னெட்டுகள் மெல்ல மெல்லச் சேர்ந்துகொள்ளும். பிறகுதான் டிரம்மும் வேட்டும் சேர்ந்து திருநாள் நடை. அந்த நீளச் சத்தம் உடைந்து இறங்குகிற இடம் சரியாக வருவதற்காகத் தன் கிளாரினெட்டின் ரீடை, வாயில் படுகிற அந்த நாணல் தகட்டை, பிளேடால் சீவிச் சீவி, நான்கு ரீடுகளைப் பாழாக்கி, ஐந்தாவதில் பிடித்தான்.

இதெல்லாம் ரகசியமாக நடந்தது. கடலுக்குப் போகிறவர்கள் யாருக்கும், முக்கியமாக அண்ணனுக்கு, தெரியக் கூடாது என்று பேண்டுக்காரர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். கரையை விட்டுத் தள்ளிப் பனங்காட்டுக்குள் போய்த்தான் ஒத்திகை. அண்ணன் அசந்துபோக வேண்டும் என்றால் முன்கூட்டித் தெரியலாமா? இந்த ரகசியத்தை மட்டும் அவன் வைக்காமல் இருந்திருந்தால், என்று ஊர் பிறகு சொன்னது. ஊர் பிறகு நிறையச் சொல்லும்.

ஒரு மத்தியானம், காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்த நேரம், அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது ஜெபமாலைப் பெரியவர் கையில் துடுப்போடு பனங்காட்டுக்குள் வந்து நின்றார். எழுபது வயது. தனியாக வத்தை என்கிற சின்னத் தோணியில் போய்ச் சங்கு எடுக்கிறவர். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நீதானாலே அது," என்றார். "வெயில் அடிக்குது. கர கண்ணு முன்னால தெரியுது. அப்பவும் என் கை வத்தையத் திருப்பிருச்சுலே. நான் திருப்பல. கை தானாத் திருப்புச்சு. பாருக்கு ஒரு முழந்தான் மிச்சம்."

பனி விழுகிற நாளில் இதை ஊதாதே, கோயில் பக்கம் நின்று ஊதவே ஊதாதே என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். கோயில் வாய்க்கு மேற்கே இருக்கிறது. அங்கிருந்து கூவினால் அதை வலது காதில் வாங்குகிற வள்ளம் இன்னும் மேற்கே போய் நேராகப் பாரில் ஏறும். இதை அவர் விளக்கமாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கடலுக்குப் போகாத வேதமுத்துவுக்கே அது தெரியும். சரி பெரியவரே என்றான். சொல்லும்போது அவன் மனசு துள்ளிக்கொண்டிருந்தது. எழுபது வயதுக் கடல்காரனின் கையைத் தன் ஊதல் திருப்பிவிட்டதே! பாவி, அவனுக்கு அது பாராட்டாகப் பட்டது.

திருநாளுக்குப் பத்து நாள் முன்பு யாக்கோபின் வள்ளம் வெளித்தீவுப் பக்கம் தங்கி மீன் பிடிக்கப் போயிற்று. திருநாள் பூசைக்கு வந்துவிடுவோம் என்று சொல்லிப் போனார்கள். மற்ற வள்ளங்கள் எல்லாம் முதல் நாளே கரையேறிவிட்டன.

திருநாள் காலையில் பனி. சாதாரணப் பனி இல்லை. கோயில் வாசலில் நின்றவர்களுக்குக் கொடிமரம் தெரியவில்லை. தண்ணீர் இருபது அடி தள்ளித்தான் கிடந்தது, அது இருக்கிற இடம் சத்தத்தில்தான் தெரிந்தது. காற்று அசையவில்லை. யாகப்பம்மாள் புதுச்சேலையில் வந்து, உங்க அண்ணனை இன்னும் காணோமே என்று கேட்டாள். பாருக்கு வெளியே நங்கூரம் போட்டிருப்பார்கள் மதினி, இன்றைக்கு ஓட்டம் இல்லை, பயமில்லை, எட்டு மணிக்குப் பனி விலகினால் வந்துவிடுவார்கள் என்று வேதமுத்து சொன்னான். அவன் சொன்னது அத்தனையும் சரி. அவர்கள் அப்படித்தான் கிடந்தார்கள்.

சாமியாருக்கு அடுத்த ஊரில் இன்னொரு பூசை இருந்தது. ஆரம்பிக்கலாம் என்றார். ஜெபமாலைப் பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வேதமுத்துவின் சட்டைக் கையைப் பிடித்தார். "வேணாம்லே" என்றார், அவ்வளவுதான்.

வேதமுத்து தயங்கினான். தயங்கினான் என்பதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும். அவர்களுக்குத் தெரிந்த திருநாள் பாட்டுகள் ஒரு டஜன் இருந்தன. எதையாவது வாசித்திருக்கலாம். ஆனால் அண்ணன் பாருக்கு வெளியே சும்மா உட்கார்ந்திருக்கிறான். காற்றில்லாத பனியில் சத்தம் தண்ணீர்மேல் ரொம்ப தூரம் போகும். அண்ணன் கேட்பான். தனியாக, அமைதியாக, வேறு எந்தச் சத்தமும் இல்லாமல் கேட்பான். இப்படி ஒரு நேரம் இனி வாய்க்குமா? நங்கூரம் போட்டுக் கிடக்கிறவனுக்கு என்ன ஆகிவிடும்? பெரியவரின் கையை மெல்ல விலக்கிவிட்டு கிளாரினெட்டை வாயில் வைத்தான்.

இரண்டு குட்டைச் சத்தம், ஒரு நீளச் சத்தம். அது உடைந்து இறங்கியபோது கூட்டத்தில் பேச்சு நின்றது. இரண்டாவது கிளாரினெட் பதில் சொன்னது. மூன்றாவது. நான்காவது. வயதான பெண்கள் மணலில் முழங்காலிட்டார்கள். யாரோ தேம்பினார்கள். சாமியார் தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பனிக்குள் கண்ணை மூடிக்கொண்டால் திட்டு கோயில் வாசலுக்கே வந்துவிட்டதுபோல இருந்தது. வேதமுத்து அன்றைக்கு ஊதியதுபோல அதற்கு முன்பும் ஊதியதில்லை, பின்பும் ஊதவில்லை.

மூன்றாம் சுற்றில், கிளாரினெட் ஓய்ந்த ஒரு நொடியில், கடலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வாரோ...ம்."

அண்ணனின் குரல். ஒரு மூச்சு நேரம் வேதமுத்துவுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கேட்டுவிட்டான். பதிலும் கொடுத்துவிட்டான். அந்த மூச்சு முடியுமுன் கிளாரினெட்டை வாயிலிருந்து இறக்கினான். ஏன் வருகிறான்? காத்திருக்க வேண்டியவன் ஏன் வருகிறான்? குரல் வாய்ப் பக்கமிருந்து வரவில்லை. கோயிலுக்கும் மேற்கே, வழியே இல்லாத இடத்திலிருந்து வந்தது.

நிறுத்துங்கள் என்று அவன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கார்னெட்டுகள் சேர்ந்தாகிவிட்டன. சொல்லிவைத்த இடத்தில் டிரம் இறங்கியது. சொல்லிவைத்தபடி கோயிலுக்குப் பின்னால் வேட்டுகள் வெடித்தன. அவன் கிளாரினெட்டைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே தண்ணீருக்குள் ஓடினான், விழுந்தான், எழுந்தான். பேண்டுக்காரர்கள் மாஸ்டரைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக டிரம் நின்றது. அப்போது எல்லாருக்கும் கேட்டது. பழைய கதவை நிலையோடு பெயர்க்கும்போது வருகிற சத்தம். பிறகு ஆட்களின் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

வியாகுலமும் இன்னொருவனும் பாறையில் கிழிபட்டு நீந்தி வந்தார்கள். மற்ற மூன்று பேரையும் மத்தியானத்துக்குள் எடுத்தார்கள். யாக்கோபைக் கோயில் முற்றத்தில் கிடத்தியிருந்தபோது, எல்லாரும் கேட்க, வியாகுலம் சொன்னான்.

"நங்கூரம் போட்டுத்தான் கெடந்தோம். வெயில் ஏறட்டும்னு அய்யாதான் சொன்னாரு. அப்பத்தான் அது கேட்டுச்சு. அய்யா எந்திரிச்சு நின்னாரு. கூவான் வந்துருச்சுலே, திரும்பி வந்துருச்சுலேன்னு அழுதாரு. நங்கூரத்த யாரையும் தொட விடல. அவரே தூக்குனாரு. வலது காதுல வாங்கிட்டேன், வலிங்கலேன்னாரு."

யாரும் வேதமுத்துவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். யாகப்பம்மாள் மட்டும் தலையைத் தூக்காமல், "இனி என் வாசல்ல கால் வைக்காத" என்றாள். அந்தச் சாவுக்கு பேண்டு வாசிக்கவில்லை. நோட்டை அவன் சுண்ணாம்புக் காளவாய் நெருப்பில் போட்டான். கிளாரினெட்டை அதே நெருப்பில் போடப் போனவனுக்குக் கை வரவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டினான். கோயிலுக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குக் குடிபோய், மூன்று வேளையும் மணி அடித்துக்கொண்டு, கொடுத்ததைத் தின்றுகொண்டு கிடந்தான். கூத்தையாவின் பேச்சு அடிக்கடி நினைவுக்கு வந்தது. கூப்பிட்டால் வந்துவிடும், வராமல் இருக்கத் தெரியாது. பறவையைப் பற்றித்தான் அவர் சொன்னார் என்று அன்றைக்கு நினைத்தோமே என்று மருகினான்.

அடுத்த தை வந்தது. ஒரு நாள் விடியும் நேரத்தில் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் பனி. பனிக்குள் யாகப்பம்மாள். ஒரு வருஷமாக அவன் முகத்தைப் பார்க்காதவள், இப்போதும் அவன் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பனி விழுந்திருக்கு. ஓட்டமும் இருக்கு. வியாகுலம் வெளிய கெடக்கான்."

வேதமுத்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போகையிலயே சொல்லிட்டுப் போனான். பனி விழுந்தா சித்தப்பாவக் கூட்டிட்டுப் போயித் திட்டுல நிறுத்து, கூவான் நின்ன எடத்துல நின்னு ஊதச் சொல்லுன்னான். நான் மாட்டேன்னேன். அப்ப நானும் பாருல கெடக்கவான்னு கேட்டான்." அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பொட்டிய எடுத்துட்டு வா."

பூட்டைத் திறக்க அவனுக்கு நேரம் பிடித்தது. ரீடு காய்ந்து கிடந்தது, அண்ணனுக்காகச் சீவிய அதே ஐந்தாவது ரீடு. அதை வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டே நடந்தான். நீர் வற்றியிருந்த நேரம், கரைக்கும் திட்டுக்கும் நடுவே இடுப்பளவுத் தண்ணீர். சூம்பிய காலோடு அவன் தனியாக அதைக் கடக்க முடியாது. யாகப்பம்மாள் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, தோளைத் திருப்பிக் காட்டினாள். அவன் தொடப் பயந்தான். "புடி" என்றாள். வாசலில் கால் வைக்கக் கூடாது என்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவள் புருஷன் செத்த தண்ணீரில் அவன் நடந்தான். ஓட்டம் காலைப் பறித்தது. இரண்டு இடத்தில் அவளே அவனை இழுத்து நிறுத்தினாள்.

திட்டில் ஏறியதும் அவன் கிளாரினெட்டின் துண்டுகளை எடுத்து ஒன்றாகப் பொருத்தினான். இங்கே இல்லை, இன்னும் கிழக்கே போ, உங்க அண்ணன் சொன்ன இடம் இது இல்லை என்றாள். காலால் மணலைத் தடவித் தடவி, முறிந்த புதர் வேர்கள் தட்டுப்பட்ட ஓரிடத்தில் அவனை நிறுத்தினாள். "இங்கன" என்றாள்.

அவன் ஊதினான். முதல் தரம் காற்றுதான் வந்தது. இரண்டாம் தரம் சத்தம் வந்தது, அவனுக்கே கேட்கப் பிடிக்காத அந்தச் சத்தம். பதில் இல்லை. மறுபடியும் ஊதினான். பதில் இல்லை. பாரில் அலை உடைகிற சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது. வெளியே வியாகுலம் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். அவன் அய்யாவைக் கொன்ற அதே குரல். இது சரியான இடத்திலிருந்து வருகிறது என்று பனிக்குள் கிடக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நம்புவானா? நம்பாமலும் இருக்கலாம். நம்பி, இந்த இடமும் தப்பாக இருந்தால்? ஊதுவதை நிறுத்தவும் பயமாக இருந்தது, ஊதவும் பயமாக இருந்தது. உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. யாகப்பம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று, வாய் திறக்காமல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

எத்தனையாவது தரமோ தெரியவில்லை.

"வாரோ...ம்."

தெற்கே, நேர் தெற்கே. யாக்கோபின் தொண்டை அப்படியே மகனுக்கு இறங்கியிருந்தது. இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. யாகப்பம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வேதமுத்துவால் அழக்கூட முடியவில்லை, ஊத வேண்டியிருந்தது. வள்ளம் வாய்க்குள் நுழைந்து முடிக்கும்வரை நிறுத்தக் கூடாது. இரண்டு குட்டை, ஒரு நீளம். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

பனிக்குள்ளிருந்து வள்ளம் கறுப்பாக வெளிப்பட்டு, கைக்கெட்டும் தூரத்தில் அவர்களைத் தாண்டி உள்ளே போயிற்று. சுக்கானைப் பிடித்தபடி வியாகுலம் நின்றான். வலது காதைத் திட்டுப் பக்கம் சாய்த்திருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை, குரலும் கொடுக்கவில்லை. பின்னால் இன்னும் இரண்டு வள்ளங்கள் வந்தன. அவற்றில் இருந்தவர்களும் யாரும் அவன் பக்கம் பார்க்கவில்லை. பறவை கூவும்போது அதைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அந்த ஊரில் எப்போதும் இருந்ததில்லை.

எல்லாம் போன பிறகு அவன் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தான். மதினி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். மன்னித்தேன் என்றாலும் சரி, நாசமாகப் போ என்றாலும் சரி. அவள் பெட்டியை வாங்கி மூடித் தலையில் வைத்துக்கொண்டாள். கரைப் பக்கம் பார்த்தாள், பிறகு வெளிக்கடல் பக்கம் பார்த்தாள்.

"நாளைக்கும் பனி விழும்," என்றாள், தோளைத் திருப்பிக் காட்டிக்கொண்டே.

அவன் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.